சோடித் துணி

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைப்போம். வெளியே வைத்தால் மருந்து நமத்து, உரசும்போது கூழாக வழியும். சாமி படங்களுக்கும் அதே கதிதான். கண்ணாடிக்குள் எப்படியோ ஈரம் புகுந்து மாரியம்மன் முகத்தில் கருப்பாக ஒரு பூஞ்சைப் புள்ளி விழும். வருடா வருடம் சட்டத்தைக் கழற்றி, படத்தை அடுப்புச் சூட்டில் காட்டித் துடைத்து மாட்டுவேன். அன்னூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகிப் பந்தலூருக்கு வந்த புதிதில், துணியே காயாத ஊரில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அழுதிருக்கிறேன். இப்போது பிறந்த ஊருக்குப் போனால் வெயில் கண்ணை உறுத்துகிறது.

என் வீட்டுக்காரரின் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. மாமனாரும் மாமியாரும் அங்கே கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அங்கிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது கப்பலேறி, ரயிலேறி, இங்கே வந்து மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே சேர்ந்தார்கள். இவர் இங்கே பிறந்தவர். "கடலத் தாண்டியும் அதே மலைக்குத்தான்டா வந்து சேந்தோம்" என்று மாமனார் சொல்லிச் சிரிப்பாராம். அதே பச்சை, அதே பனி, அதே வரிசை வீடுகள், காலையில் அதே சங்கு. மாமனார் போய்ப் பல வருடங்கள் கழித்து அந்தச் சிரிப்புப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வேறு விதமாக வந்து உட்கார்ந்தது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு மறதி வந்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். பிறகு எங்கள் மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தவள் என்பதை மறந்து அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். இதெல்லாம் வயசானால் உள்ளதுதான் என்று இருந்தோம். ஒரு நாள் காலை, ஆடி மாதத்துப் பனி வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. அத்தை தலையை வாரி முடிந்து, இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கினார்.

"ஏனுங்க அத்தை, எங்க கெளம்பீட்டீங்க?"

"பெரட்டுக்கு நேரமாச்சு. பிந்திப் போனா கங்காணி அரை நாளுதான் போடுவான்."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அத்தை ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது. வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"எந்தப் பெரட்டும்மா? அந்தக் களத்துல இப்ப காட்டுப்பன்னிதான் பேரு குடுக்குது."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு வூட்டுப் பய? காலங்காத்தால பொம்பளைங்கள மறிச்சுக்கிட்டு நிக்கிற?"

அவர் இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கூடலூர் டாக்டர் இது மறதி நோய் என்றார். மாத்திரை கொடுத்தார். ஆனால் எங்களுக்கு ஒன்று புரிந்தது. வெயில் அடிக்கிற நாளில் அத்தைக்கு எங்களைத் தெரியும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், கீரை ஆய்வார். பனி இறங்கி எதிர்மலை மறைந்தால் அவருக்கு இது அந்த ஊர். "எங்கம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே வேணாம். பனி விழுந்தா சிலோன், வெயிலடிச்சா இந்தியா" என்று இவர் கேலி பேசுவார். எங்கள் ஊரில் பனி விழுந்தால் நாள் கணக்காக விலகாது.

பிடித்து உட்கார வைத்தாலும் கண் அசந்த நேரத்தில் போய்விடுவார். ரோட்டு வளைவில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளத்துக்காரரை ஊரே இக்கா என்றுதான் கூப்பிடும். அவர்தான் போன் பண்ணுவார்.

"சேச்சி, உம்மா இவிடெ உண்டு கேட்டோ. சாயா கொடுத்து உக்கார வச்சிருக்கேன். சாயா வேண்டாமாம், தேத்தண்ணி வேணுமாம். ரெண்டும் ஒண்ணுதான் உம்மான்னு சொன்னா அடிக்க வருது. வேகம் வாங்கோ."

எங்களுக்குப் பயமெல்லாம் ஆனைதான். வீட்டுக்கு மேலே எஸ்டேட்டின் ஒரு பகுதியைக் கைவிட்டுவிட்டார்கள். வெட்டாமல் விட்ட தேயிலை செடியாக நிற்காது, மரமாகிவிடும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளையாகப் பூ பூத்து நிற்கும் அந்தக் காட்டுக்குள்தான் பகலில் ஆனைகள் படுத்திருக்கும். பனியில் பக்கத்தில் நின்றால்கூடத் தெரியாது. அத்தை போக நினைத்ததெல்லாம் அந்தப் பக்கம்தான்.

நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். அதனால் அத்தையின் புடவைகளில் நடந்ததை முதலில் கவனித்தது நான்தான். ஒவ்வொரு நூல்புடவையிலும் முந்தானை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று காணாமல் போயிருந்தது. கிழித்ததை இரண்டாக்கி ஒன்றைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். இன்னொன்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவார். "பத்திரம் ஆயாம்மா" என்பார். பனி நாட்களில் என்னை ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டார். சில நாள் அதட்டுவார்: "பால்ல தண்ணி ஊத்துனியாடி? புள்ள வயிறு ஒட்டிக் கெடக்குதே." நானும், "இல்லீங்க, கெட்டிப் பாலுதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தையலைப் பார்ப்பேன்.

அந்தக் கீற்றுகளை நான் விளக்குத் திரி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் இருந்தால் கட்டின புடவையிலிருந்து கிழித்துத் திரி போடுகிறவர்கள் உண்டு. அறிவு மங்கின காலத்திலும் பக்தி மங்கவில்லையே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். கடைத் திரி ஈரத்தில் சரியாக எரியாது. நல்ல நூல்துணி என்று அவற்றை முறுக்கி வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்கு ஏற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அத்தை பூஜை அலமாரியின் முன்னால் வந்து நின்றார். விளக்கில் ஊதாக் கரை போட்ட துணி எரிந்துகொண்டிருந்தது. யாரும் நினைக்கவில்லை, சட்டென்று சுடருக்குள் கையை விட்டார். எரிகிற திரியைப் பிடுங்கி நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார்.

"எம் புள்ளத் துணிடி! அடையாளத்த எரிச்சுட்டியே, இனி நான் எதக் காட்டி வாங்குவேன்?"

விரல் நுனியெல்லாம் கொப்புளம். வீட்டுக்காரர் களிம்பு போட்டுவிட்டார். அத்தை அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். அத்தனை வருடக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் சொன்னார்.

இவருக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை இருந்ததாம். அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளைப் புள்ளக்காம்பராவில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரே அறை, ஒரே ஜன்னல், ஓர் ஆயா. பிள்ளைகள் அம்மா வாசனைக்கு அழாமல் தூங்கட்டும் என்று முந்தானையில் ஒரு கீற்றைக் கிழித்துப் பிள்ளையோடு போடுவார்கள். அதன் சோடியைத் தாய் இடுப்பில் வைத்துக்கொள்வாள். சாயந்திரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து தன் துண்டைக் காட்டினால், ஆயா இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுப்பாள்.

"ஒரு நா அம்மாவுக்குத் தூரத்து மலையில வேல. புள்ளைக்குக் காச்ச கண்டு மத்தியானமே போயிருச்சு. தொத்து நோவா இருக்குமோன்னு பயந்து ஆம்பளைங்க உடனே எடுத்துட்டுப் போயிட்டாங்க. அம்மா சாயந்திரம் வந்து துணியக் காட்டிக்கிட்டு ஜன்னல்ல நின்னுருக்கு. ஆயா பயந்துபோயி கதவச் சாத்திட்டா. அப்பா போயித்தான் இழுத்துட்டு வந்தாராம்." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். "அப்பா ஒரு தடவ சொன்னது இது. அம்மா ஒரு தடவகூடச் சொன்னதில்ல."

அதற்குப் பிறகு அத்தை கொடுத்த கீற்றை நான் எரிக்கவில்லை. ஸ்வெட்டர் பையில் போட்டு வைத்துக்கொள்வேன்.

அந்த மழையில்தான் எனக்கும் கேட்க ஆரம்பித்தது. நான் மிஷின் மிதித்துக்கொண்டிருப்பேன். அத்தை முகத்தைச் சாய்த்து, "அழுவுது" என்பார். மிஷினை நிறுத்துவேன். ஓட்டில் சொட்டுகிற தண்ணீர்தான் கேட்கும். இப்படிப் பல நாள். ஒரு நாள் நிறுத்தியபோது, மேட்டிலிருந்து, பனிக்குள்ளிருந்து மெலிசாக ஒன்று கேட்டது. பசித்த பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டினால் வருமே, அந்தச் சத்தம். என் மாரில் சுருக்கென்றது. பெற்று வளர்த்தவளுக்கு அந்த இடம் எத்தனை வருடமானாலும் மறக்காது போலிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "பூனையா இருக்கும்" என்றார். இக்காவிடம் கேட்டேன். "அது வேழாம்பல், சேச்சி. பெரிய பட்சி. மழைக்கு இங்ஙனெ கரையும்" என்றார். கோயில் பூசாரி மரநாய் என்றார். ஆக எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மன் முன்னால் நின்று, தாயே, என் புத்தியையும் எடுத்துவிடாதே, எடுத்துவிட்டால் இந்த வீட்டில் யார் யாரைப் பிடித்து வைப்பது என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மத்தியானம். பொழுதே விடியாதது போன்ற பனி. நான் கொல்லையில் விறகு எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், கதவு திறந்து கிடக்கிறது. இக்காவுக்குப் போன் பண்ணினேன், அங்கே வரவில்லை. இவர் கொழுந்து ஏற்றிக்கொண்டு வண்டியில் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினேன். முருகா முருகா என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. சத்தமாக அத்தையைக் கூப்பிடவும் பயம். அங்கே வேறு யார் காதில் விழுமோ.

மரமாகிப்போன தேயிலைக்குள் பாதை இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. வழியில் ஆனைச் சாணம் சூடு ஆறாமல் புகைந்துகொண்டிருந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம், ரொம்பப் பக்கத்தில். அது கேட்ட பக்கமே போனேன்.

பழைய கட்டடம் ஒன்று நின்றது. எஸ்டேட் நடந்த காலத்தில் இங்கேயும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த இடம். கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சுவரில் மங்கலாக ஒரு முயல் படம். ஜன்னலுக்கு வெளியே அத்தை நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் சாக்கு, நனைந்த தலை. கையில் ஒரு கீற்றை நீட்டியபடி, உள்ளே இருட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஆயாம்மா. மத்தவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்கிற?"

அது கோபமில்லை. கடையில் கடைசியாக நிற்கிறவர்கள் கேட்பார்களே, அந்த மாதிரிப் பொறுமை. சத்தம் நின்றுபோயிருந்தது.

"அத்தை, வாங்க ஊட்டுக்குப் போலாமுங்க" என்று தோளைத் தொட்டேன். தள்ளிவிட்டார். "நீ யாரு? வரிசையில நில்லு."

இழுத்துக்கொண்டு போக முடியாது என்று தெரிந்தது. மாமனார் ஒரு தடவை அப்படி இழுத்துக்கொண்டு போனதால்தான் அத்தை இன்றைக்கும் இங்கே நிற்கிறார். நான் சுற்றிப் போய், கதவில்லாத வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன். தரையில் ஓட்டுச் சில்லு, வௌவால் வாடை. கூரைக் கட்டையில் கயிற்றுத் தொட்டில் கட்டிய வளையங்கள் துருவேறித் தொங்கின. சால்வையைக் கழற்றி, பிள்ளையைச் சுற்றுகிற மாதிரிச் சுருட்டினேன். என் மகளை அப்படித்தான் சுற்றியிருப்பேன், கை மறக்கவில்லை. ஸ்வெட்டர் பையில் அன்று காலையில் அத்தை கொடுத்த கீற்று இருந்தது. அதை மேலே வைத்தேன். இது பொய்யா, பாவமா, எதைக் கூப்பிடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. நீ பார்த்துக்கொள் தாயே என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

அத்தை சட்டென்று வாங்கிவிடவில்லை. தன் கையிலிருந்த துண்டை மேலே இருந்த துண்டோடு வைத்தார். கிழிந்த ஓரத்தை ஓரத்தோடு ஒட்டிப் பார்த்தார். பூவேலைக் கரை சரியாகச் சேர்ந்தது. பிறகுதான் இரண்டு கையையும் நீட்டினார்.

கொடுக்கும்போது என் மணிக்கட்டு கீழே இறங்கியது. கனம் இருந்தது. சால்வை பனியில் நனைந்திருந்தது, அதனால்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"தூங்குது" என்றார் அத்தை.

இறங்கி வரும்போது பாதிவழியில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. நின்றுவிட்டோம். பனிக்குள் ஒரு பக்கம் கருத்தது, அது அசைந்தது. மூச்சு விடுகிற சத்தம் ஊதல் மாதிரி வந்தது. எத்தனை நின்றன என்று தெரியாது. அத்தை பொதியை நெஞ்சோடு அணைத்து, முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே, காற்றே வராத குரலில், "அழுதுடாதடி, அழுதுடாத, தங்கம்" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு அது அழுதுவிடக் கூடாதே என்று முருகனைக் கும்பிட்டேன். எது அழும் என்று பயந்தேன்? அந்த நிமிடம் அதையெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. அது அழவில்லை. கருப்பு மெதுவாகச் சரிவில் இறங்கிப்போனது.

அதற்கப்புறம் அத்தை வீட்டைவிட்டுப் போகவே இல்லை. பனி வந்தாலும் வெயில் வந்தாலும் பொதி மடியில்தான். மேட்டுச் சத்தமும் நின்றுபோனது. இக்காகூட ஒரு நாள், "இந்த வருஷம் வேழாம்பல் வரவே இல்ல கேட்டோ" என்றார். வீட்டுக்காரர் முதலில் என்மேல் கோபப்பட்டார். "பைத்தியத்துக்கு நீயும் சேந்து தாளம் போடுறியா?" என்றார். பிறகு ஒரு நாள் டிவியைச் சத்தமாக வைத்தவர், அத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானே குறைத்தார்.

அடுத்த மழை முடிகிற சமயத்தில் அத்தை படுத்துவிட்டார். கடைசி நாள் காலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. என்னை ஜாடையாகக் கூப்பிட்டார். எழுப்பி உட்கார வைக்கச் சொன்னார். இடுப்பைத் தடவிப் பார்த்தார், சாக்கு இருக்கிறதா என்று. முந்தானையைப் பல்லால் கடித்து ஒரு கீற்றைக் கிழித்தார். அதை இரண்டாக்க நான் உதவி செய்தேன். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றைப் பொதியின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

"பால் குடுத்தாச்சு ஆயாம்மா. வேலைக்குப் போயிட்டு சாயந்திரம் வாரேன். பாத்துக்க."

"நல்லாப் பாத்துக்கிறேனுங்க" என்றேன்.

மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் எரிப்போம், இவர்கள் புதைக்கிறவர்கள். குழிக்குக் கொண்டுபோகும் முன் வீட்டுக்காரர் பொதியை எடுத்துவரச் சொன்னார். "அம்மாவோடயே வச்சிரலாம். இனியாவது ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நானும் எடுத்து வந்தேன். ஆனால் அத்தையின் மூடின கையையும் அதற்குள்ளிருந்து வெளியே தெரிந்த துணி ஓரத்தையும் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னாங்க. நானாக் கொண்டுபோயி எப்படிங்க வைக்கிறது? ஒருக்கா யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னுதானுங்க இத்தன காலமும்..."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையால் போகச் சொன்னார். பொதியை உள்ளே கொண்டுபோனேன்.

அது இப்போது பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே அந்தக் கீற்று. இது சரியா என்று கோயிலில் நான் கேட்கவில்லை. பிள்ளையைத் தாயிடம் கொடுப்பதில் தப்பு இருக்காது என்று நம்புகிறேன். தினமும் விளக்கேற்றிவிட்டு அந்தப் பக்கத்து ஜன்னலின் கொண்டியை எடுத்துவிடுவேன். பனி உள்ளே வரும். சுடர் குனியும். கொஞ்ச நேரம் பார்ப்பேன். யாராவது வந்து துணியைக் காட்டினால் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு சாத்திவிடுவேன்.

"பனி உள்ள வந்து படமெல்லாம் பாழாப்போவுது. ஒனக்கும் கழண்டுருச்சு" என்று வீட்டுக்காரர் தினமும் திட்டுவார்.

போன வாரம் தைத்த துணியைக் கொடுக்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. நனைந்துகொண்டே ஓடி வந்தேன். வளைவு திரும்பும்போதே தெரிந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வெளியே பார்த்தபடி.

"எங்க போயித் தொலைஞ்ச?" என்றார். "வர்றவங்க வந்து நின்னா யாரு எடுத்துக் குடுக்கிறது?"